மல்லிகை நார் காட்டிக்கொடுத்த காற்று

உயிருள்ள செல்கள் பிளவுபடுவதை நுண்ணோக்கியில் இரவு முழுவதும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு படமாக எடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் பார்த்தால் சில படங்கள் தெளிவு, பிறகு மங்கல், மறுபடி தெளிவு. நான்கு நாட்கள் வீண்.

குவியத் திருகு தளர்ந்திருக்கும் என்று இறுக்கினேன். 0.17 மி.மீ. கண்ணாடி அடி கொண்ட புதிய கிண்ணம் வைத்தேன். லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் இடையே இடும் எண்ணெயையும் துடைத்துப் புதிதாக இட்டேன். பழுது பார்க்க வந்தவர் மேசை அதிர்வு என்றார். அதிர்ந்தால் படம் நடுங்கும். இப்படி மெல்ல மங்கித் தெளியாது.

படங்களை எண்ணியபோதுதான் பிடி கிடைத்தது. மங்கல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது. ஏ.சி. கம்ப்ரசர் நின்று ஓடும் இடைவெளியும் அதுவே. மதுரைச் சித்திரையில் அதை அணைக்கவா முடியும்? தோழியின் மல்லிகைச் சரத்திலிருந்து வாழைநார் ஒன்றை உருவி நுண்ணோக்கியின் மேல் தொங்கவிட்டேன். குளிர்காற்று வரும்போதெல்லாம் நார் லென்ஸ் பக்கமே சாய்ந்தது. 60 மடங்கு பெரிதாக்கும் எண்ணெய் லென்ஸின் குவிய ஆழம், அதாவது தெளிவாகத் தெரியும் தடிமன், ஒரு மைக்ரான்கூட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இல்லை. நுண்ணோக்கியின் உலோகம் அரை டிகிரி குளிர்ந்து சுருங்கினாலே போதும், படம் மங்கிவிடும்.

ஏ.சி.யின் தடுப்புத் தகட்டை மேலே திருப்பிவிட்டு, நுண்ணோக்கியைச் சுற்றி அட்டைப்பெட்டியை வெட்டி மறைப்பு கட்டினேன். செல் மேடையின் சூடேற்றியையும் மதியமே போட்டுவிட்டேன். திரை 37 டிகிரி காட்டினாலும் உலோகம் நிலைப்பட மணிக்கணக்காகும்.

அன்றிரவு எடுத்த 144 படங்களும் தெளிவு. நார் காய்ந்து இன்னும் அங்கேயே தொங்குகிறது.