ஒல்லாந்துப் பறங்கிக் குடும்பத்தின் வேரையும் குலச்சின்னத்தையும் தேடுவது எப்படி?

ஒல்லாந்துக் (டச்சு) கிழக்கிந்தியக் கம்பெனியில் சிப்பாயாகவோ கணக்கராகவோ வந்து, 1796-இல் கம்பெனி ஆட்சி முடிந்த பிறகும் இலங்கையிலேயே தங்கிவிட்டவர்களின் வழிவந்தவர்கள் ஒல்லாந்துப் பறங்கியர். இந்தக் குடும்பங்களைத் தேடத் தொடங்குகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது, "எங்கள் குலச்சின்னம் (கேடய வடிவில் வரையும் குடும்ப அடையாளம்) எது?" என்பதுதான். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் பார்த்துச் சின்னம் விற்கும் கடைகள் தருவது, அதே பெயருள்ள வேறு யாரோ ஒருவருடைய சின்னம்.

படி 1: உங்களிடமிருந்து பின்னோக்கி

ஒரு தலைமுறைக்கு ஒரு தாள். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றுக்கும் தேதி, ஊர், எந்த ஆவணத்தில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். ஆவணம் இல்லாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். 1908-இல் தொடங்கிய ஒல்லாந்துப் பறங்கியர் சங்கத்தின் சஞ்சிகையில் பல குடும்பங்களின் வம்சாவளி அச்சாகியிருக்கிறது. அது நல்ல வழிகாட்டி, ஆனால் சான்று ஆகாது. ஒவ்வொரு கண்ணியையும் தேவாலயப் பதிவேட்டோடு ஒப்பிட்டே ஏற்றுக்கொள்ளுங்கள்.

படி 2: ஞானஸ்நானப் பதிவேடு

பெற்றோர் பெயரோடு நின்றுவிடாமல் சாட்சிகளின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தாத்தா, பாட்டி, மாமன், அத்தைதான் சாட்சி நிற்பார்கள். மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரும் அடுத்தவனுக்குத் தாய்வழித் தாத்தாவின் பெயரும் வைப்பது ஒல்லாந்தர் வழக்கம். ஆவணம் இல்லாத தலைமுறைக்கு இது நல்ல துப்பு.

தேதியில் ஒரு பொறி உண்டு. "7பெர்" என்றிருந்தால் ஜூலை அல்ல, செப்டம்பர். 8பெர், 9பெர், 10பெர் என்பவை அக்டோபர், நவம்பர், டிசம்பர். லத்தீன் எண்களிலிருந்து வந்த சுருக்கம் இது. தவறாகப் படித்தால் இரண்டு மாதம் பிசகும். பிள்ளை கல்யாணத்துக்கு முன்பே பிறந்ததாகக்கூடக் கணக்கு வரும்.

படி 3: கப்பல் சம்பளக் கணக்கு

கடல் கடந்து போக இதுதான் பாலம். ஹேக் நகரிலுள்ள நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் கம்பெனிக் கப்பல்களின் சம்பளப் புத்தகங்களுக்குப் பெயர்வழி அட்டவணை வைத்திருக்கிறது. இணையத்தில் இலவசமாகத் தேடலாம். ஆளின் பெயர், சொந்த ஊர், பதவி, கப்பல், புறப்பட்ட நாள், வேலை முடிந்த நாள், முடிந்த காரணம் எல்லாம் அதில் இருக்கும். வீட்டுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு அனுப்பச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால் விடாதீர்கள். மனைவி அல்லது தாயின் பெயர் அதில் கிடைக்கலாம்.

இப்புத்தகங்களில் பெரும்பகுதி 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1700-க்கு முன் வந்தவர் இதில் கிடைப்பது அரிது. எழுத்துக்கூட்டையும் நம்பக்கூடாது, எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார், வந்தவர்களில் ஏராளமானோர் ஜெர்மானியர் வேறு. ஒரே பெயரில் இரண்டு பேர் கிடைத்தால், இலங்கையில் வேலை முடித்தவர் யார் என்று பார்த்துப் பிரித்தறியுங்கள்.

படி 4: ஐரோப்பியச் சொந்த ஊர்

"பீட்டர்ஸ்" என்று முடியும் பெயர் குடும்பப்பெயராகவே இருந்திருக்க வேண்டியதில்லை. பீட்டரின் மகன் யான் என்றால் "யான் பீட்டர்ஸ்". யானின் மகன் "யான்ஸ்". நம்மூரில் தகப்பன் பெயரை முதலெழுத்தாகப் போடுவதைப் போலத்தான். இலங்கைக்கு வந்த பிறகு அந்தப் பெயர் உறைந்து குடும்பப்பெயராகிவிட்டது. நெதர்லாந்திலோ பலருக்கு 1811-இல்தான் குடும்பப்பெயர் கட்டாயமானது. ஆகவே அந்த ஊர்ப் பதிவேட்டில், பீட்டர் என்ற தகப்பனுக்குப் பிறந்த யானைத் தேடுங்கள். "வான்" என்றால் "இன்ன ஊர்க்காரர்" என்று மட்டுமே பொருள். பிரபு வம்சம் என்று எண்ண வேண்டாம்.

படி 5: இப்போது சின்னம்

ஒல்லாந்துக் குடியரசில் சின்னம் வழங்க அரசு அலுவலகம் இருக்கவில்லை. வணிகரும் கைவினைஞரும் தாமாகவே சூட்டிக்கொள்ளலாம். அதனால் உங்கள் முன்னோரே அதைப் பயன்படுத்தினார் என்பதற்குக் கல்லறைக்கல், அரக்கு முத்திரை போன்ற நேரடிச் சான்று வேண்டும்.

கொழும்பு வுல்வெண்டால் தேவாலயத்திலும் காலி ஒல்லாந்துத் தேவாலயத்திலும் சின்னம் செதுக்கிய கற்கள் உள்ளன. தேய்ந்த கல்லின் மேல் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில், தரையோடு தரையாகப் பிடித்துப் படமெடுங்கள். நிழல் விழுந்து கோடுகள் எழும்பும். சுண்ணக்கட்டி தேய்ப்பதும் கம்பித் தூரிகை போடுவதும் கல்லைக் கெடுக்கும்.

கல்லில் வண்ணத்தைக் கோடுகளே சொல்லும்: செங்குத்துக் கோடு சிவப்பு, படுக்கைக் கோடு நீலம், புள்ளி பொன், குறுக்கும் நெடுக்குமான கட்டம் கறுப்பு, வெறுமை வெள்ளி. வெறுமையை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். சிற்பி வண்ணத்தைக் குறிக்காமலே விட்டிருக்கலாம். இரண்டு கேடயம் சேர்ந்திருந்தால் பார்ப்பவருக்கு இடப்புறம் இருப்பது கணவருடையது, வலப்புறம் மனைவியுடையது. சாய்சதுரத்துக்குள் இருந்தால் பெண்ணின் சின்னம்.

கல் இருக்கும் இடமே புதைத்த இடம் என்று எழுதிவிடாதீர்கள். கொழும்புக் கோட்டையின் பழைய தேவாலயத்துக் கற்கள் 1813-இல் வுல்வெண்டாலுக்குக் கொண்டுவரப்பட்டவை. உயிலில் உள்ள அரக்கு முத்திரையும் சிலசமயம் சாட்சியிடம் இரவல் வாங்கியது. ஒரே ஆளின் இரண்டு ஆவணங்களில் ஒரே முத்திரை இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்டதை, ரீட்ஸ்டாப் என்ற ஒல்லாந்துச் சின்ன ஆய்வாளர் 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியில் தொகுத்த சின்னத் தொகுப்போடு ஒப்பிடலாம். லட்சத்துக்கு மேற்பட்ட சின்னங்கள் அதில் உண்டு. பெயரோடு ஊரும் பொருந்த வேண்டும். எதுவும் பொருந்தாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். சிப்பாயாக வந்த பலருக்குச் சின்னமே இருந்ததில்லை.