சாலையைக் கடக்கக் கற்றுத்தரும் நண்பர்கள் செய்யும் தவறுகள்

அறிவுசார் குறைபாடுள்ள மாணவருக்குப் பாதுகாப்புப் பழக்கங்களைச் சக மாணவரே சொல்லித்தருவது நல்ல முறைதான். ஆனால், 'நீ இவனைப் பார்த்துக்கோ' என்று ஒப்படைத்துவிட்டு ஆசிரியர் நகர்ந்துவிட்டால், அந்த நண்பர் பார்த்துக்கொள்வார், கற்றுத்தர மாட்டார்.

சாலையைக் கடப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் நிற்க வேண்டும், முதலில் வலது, பிறகு இடது, மறுபடி வலது பார்க்க வேண்டும், வண்டி வரவில்லை என்றால் நடக்க வேண்டும். நண்பரோ பாசத்தில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார். நாலு நாளில் அந்த மாணவருக்குப் பழகுவது, 'கையை இழுத்தால் நடக்கணும்' என்பதுதான். வண்டியை அவர் பார்ப்பதே இல்லை. கை இல்லாத நாளில் என்ன ஆகும்?

ஆரம்பத்தில் செய்து காட்டலாம், உடன் நடக்கலாம். அப்புறம் 'இப்ப என்ன செய்யணும்?' என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை சும்மா இருக்க வேண்டும். நண்பருக்கு முதலில் பழக்க வேண்டியதே இந்தக் காத்திருப்பைத்தான். பதில் வராவிட்டால் ஒரு சைகை. அதற்கும் வராவிட்டால்தான் சொல்லிக்கொடுப்பது. இதெல்லாம் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக்கோடு போட்டு நடக்கட்டும். உண்மையான சாலையில் கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அந்தப் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் கட்டக்கூடாது.

அதற்காக மைதானத்தோடு நிறுத்திவிடுவதும் தவறு. சுண்ணாம்புக்கோட்டில் சரியாக நிற்பவர், கோடே இல்லாத கடைத்தெருவில் குழம்பிப்போவார். இடத்தையும் மாற்றுங்கள், கூட வரும் நண்பரையும் மாற்றுங்கள்.

'புரிஞ்சுதா?' என்று கேட்டால் 'புரிஞ்சுது' என்றுதான் பதில் வரும். அதை நம்பாமல் செய்யச் சொல்லிப் பாருங்கள். 'ஓடாதே' என்பதைவிட 'கோட்டுக்கிட்ட நில்லு' என்பது அவருக்குத் தெளிவு.

நண்பராக முதல் மார்க் வாங்குபவரைத்தான் போட வேண்டும் என்றில்லை. அவசரக்காரராக இருந்தால் வேண்டவே வேண்டாம். அறிவுசார் குறைபாடுள்ள, ஆனால் இதை ஏற்கெனவே நன்றாகக் கற்ற மாணவரே இன்னொருவருக்குச் சொல்லித்தரலாம். இந்த வாய்ப்பை யோசிக்காமலே விட்டுவிடுகிறோம்.

ஒன்றை மட்டும் நண்பரிடம் விடாதீர்கள்: தவறான தொடுதல் பற்றிய பாடம். அதை ஆசிரியரும் பெற்றோரும்தான் சொல்லித்தர வேண்டும். அது தொடர்பாக நண்பரின் காதுக்கு ஏதாவது வந்தால், தானே விசாரிக்காமல் உடனே ஆசிரியரிடம் சொல்ல வேண்டும் என்பதையும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் இருவருக்குமே சொல்லிவையுங்கள்.