குவாம் பிரதிநிதியின் சம்பளமும் பயணச் செலவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் வாக்குரிமை உள்ள இடங்கள் 435. அதற்கு வெளியே, மாநிலமாக இல்லாத பகுதிகளிலிருந்து ஆறு பேர் இருக்கிறார்கள். பசிபிக் தீவான குவாம், அமெரிக்க சமோவா, வெர்ஜின் தீவுகள், வடக்கு மரியானா தீவுகள், போர்ட்டோ ரிக்கோ, தலைநகர் வாஷிங்டன் ஆகியவற்றின் பிரதிநிதிகள். மசோதா கொண்டுவரலாம், குழுக்களில் வாக்களிக்கலாம். சபையின் இறுதி வாக்கெடுப்பில் மட்டும் இடமில்லை. வாக்கே இல்லாதவருக்குச் சம்பளமும் குறைவாகத்தான் இருக்கும் என்று ஊகித்து எழுதிவிடுகிறார்கள். உண்மையில், மற்ற உறுப்பினர்களுக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் அதே 1,74,000 டாலர்தான் இவர்களுக்கும். 2009 முதல் அந்தத் தொகை மாறவில்லை.

பெரிய குழப்பம் ‘பயணப்படி’ என்ற சொல்லில் இருக்கிறது. படி என்றாலே கைக்கு வரும் பணம் என்று மனம் எண்ணிக்கொள்கிறது. அதைச் சம்பளத்தோடு கூட்டி ‘ஆண்டு வருமானம்’ என்று தலைப்பும் போட்டுவிடுகிறோம். உண்மையில் ஊழியர் சம்பளம், அலுவலகச் செலவு, தபால், பயணம் எல்லாம் சேர்ந்த ஒரே ஒதுக்கீட்டின் ஒரு பங்குதான் அது. ஒதுக்கீட்டில் மிச்சமானால் உறுப்பினருக்குச் சொந்தமில்லை. செலவு அதைத் தாண்டினால் அவர் கைக்காசு போகும்.

அதில் பயணப் பங்கைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. வாஷிங்டனிலிருந்து தொகுதியின் கடைசி மூலை வரையுள்ள தூரத்தை, ஒரு மைலுக்கு இவ்வளவு என்ற மைல் விகிதத்தாலும் 64ஆலும் பெருக்கி, 10 சதவீதம் சேர்ப்பார்கள். உடனே ‘ஆண்டுக்கு 64 பயணம் இலவசம்’ என்று படிப்பது தவறு. 64 வெறும் பெருக்கெண். மைல் விகிதமும் தூரம் கூடக்கூடக் குறைகிறது. ஆகவே இரு மடங்கு தூரம் என்றால் இரு மடங்கு பணம் என்று கணக்குப் போடக் கூடாது.

உண்மையிலேயே பணம் கைக்குப் போன காலமும் இருந்தது. 20 மைலுக்கு 8 டாலர், அதுவும் ‘வழக்கமாகச் செல்லும் பாதை’ கணக்கில். சுற்றுப்பாதை எழுதியவருக்கு லாபம். 1848இல் பத்திரிகையாளர் ஹொரேஸ் கிரீலி, தானும் சபை உறுப்பினராக இருந்துகொண்டே, யார் எவ்வளவு கூடுதலாக வாங்கினார்கள் என்று பட்டியலே அச்சிட்டார். அப்போது சபை உறுப்பினராக இருந்த ஆபிரகாம் லிங்கன் பெயருக்கு நேரே 676.80 டாலர்! சக உறுப்பினர்கள் கிரீலியை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

பதவிக்காலத்திலும் கவனம் தேவை: போர்ட்டோ ரிக்கோவின் பிரதிநிதிக்கு (‘ரெசிடென்ட் கமிஷனர்’ என்பது அவர் பதவிப் பெயர்) நான்கு ஆண்டுகள், மற்ற ஐவருக்கும் இரண்டு. குவாமின் உள்ளூர்ச் சட்டமன்றத்தில் 15 பேர் இருக்கிறார்கள். வாஷிங்டனின் செனட் உறுப்பினர்களைப் போல அவர்களையும் ‘செனட்டர்’ என்றே அழைப்பார்கள். அவர்கள் சம்பளம் தீவின் சட்டப்படி தீவின் கஜானாவிலிருந்து போகிறது. வாஷிங்டன் கணக்கில் அவர்களைச் சேர்க்க வேண்டாம்.