சென்னையில் சொந்தப் பாட்டோடு ஒரு ராக் பேண்ட் நடத்துவது எப்படி

இங்கே பேண்ட் ஆரம்பிப்பது பெரிய விஷயமே இல்லை, நாலு பேரும் ஒரு ஜாம் ரூமும் (வாடகைக்குக் கிடைக்கும் பயிற்சி அறை) இருந்தால் ஆச்சு. அஞ்சு வருஷம் கழித்தும் அதே நாலு பேர் ஒரே மேடையில் நிற்பதுதான் பெரும்பாடு. பாட்டு யாருக்குச் சொந்தம், வருகிற காசு யாருக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசாமல் விட்டு, நல்ல நல்ல பேண்டுகள் சிதறிப் போவதைப் பார்த்து மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

அதனால் முதல் வேலை அதுதான். ஒரு பாட்டு முடிந்த அன்றைக்கே வரிகள் யாருடையது, மெட்டு யாருடையது, ஆளுக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் சமபங்கு நல்லது, ஏனென்றால் அந்த டிரம்ஸ் இல்லாவிட்டால் அந்த மெட்டு அந்தப் பாட்டாகவே ஆகியிருக்காது. ஒரு பதிவில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன என்பதையும் மனதில் வையுங்கள்: வரியும் மெட்டும் ஒன்று, பதிவு செய்த ஒலி, அதாவது மாஸ்டர், இன்னொன்று. ஸ்டூடியோ செலவை வேறு யாராவது ஏற்றால் மாஸ்டர் யாருக்கு என்று பதிவுக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

ஏதாவது லேபிள், அதாவது பாட்டு வெளியிடும் நிறுவனம், ஒப்பந்தம் நீட்டினால் அவசரப்படாதீர்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 வருஷம்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அதனால்தான் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். அந்த வரியைப் பார்த்தால் ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம். அப்புறம், பாட்டெழுதியவரும் மெட்டுப் போட்டவரும் பாட்டுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் தனித்தனியாக உறுப்பினராகச் சேர்ந்து பாட்டுகளைப் பதிந்து வையுங்கள், மற்ற இடங்களில் உங்கள் பாட்டு ஒலிக்கும்போது வர வேண்டிய ராயல்டிக்கு அதுதான் வழி.

சரி, மேடைக்கு வருவோம். பப்புகளில் கவர் பாட்டு, அதாவது மற்றவர்களின் பாட்டுதான் கேட்பார்கள், மறுக்க வேண்டாம், ஆனால் மேடையேறும் ஒவ்வொரு தடவையும் சொந்தப் பாட்டுக்கு இடம் கேட்டு வாங்குங்கள், கூட்டம் சூடேறிய நேரத்தில் நடுவில் வையுங்கள். ஐஐடி சாரங் மாதிரி கல்லூரி விழாக்களின் போட்டிகளுக்கும் பெயர் கொடுங்கள், அங்கே பாட்டைக் கேட்கவே வருகிற கூட்டம் கிடைக்கும். திறந்தவெளி என்றால் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை, நிகழ்ச்சி தாமதமானால் வெட்டுப்படுவது கடைசியில் வாசிக்கும் பேண்டின் நேரம்தான். ஆகவே உங்கள் சிறந்த பாட்டைக் கடைசிக்கு என்று பொத்தி வைக்காதீர்கள், இரண்டாவதாகவே வாசித்துவிடுங்கள்.

சவுண்ட் செக்குக்குக் கால் மணி நேரம் கிடைத்தாலே அதிகம். யார் எங்கே நிற்கிறார், எத்தனை மைக், எத்தனை லைன் என்று ஒரு பக்கத்தில் எழுதி சவுண்ட் என்ஜினியருக்கு முந்தைய நாளே அனுப்புங்கள். டிரம்மர் தன் ஸ்னேர், சிம்பல், கிக் பெடல், கூடவே ஒரு பழைய கார்ப்பெட் துண்டும் கொண்டுவர வேண்டும், வழுவழு மேடையில் அது இல்லாமல் கிக் டிரம் அடிக்க அடிக்க முன்னால் நகர்ந்துகொண்டே போகும். கிக், ஸ்னேர், பேஸ், கிட்டார், குரல் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே சத்தமான பல்லவியை எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள். மெதுவான தொடக்கத்தை வாசித்து லெவல் வைத்தால் நிகழ்ச்சியில் எல்லாம் பீறிடும். நம் ஊர்க் கடல்காற்றில் கிட்டார் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் துடைத்துவிடுங்கள், ஒரு செட் கம்பி எப்போதும் பையில் இருக்கட்டும்.

வெளியீட்டைப் பொறுத்தவரை, பாட்டை ஸ்ட்ரீமிங் ஆப்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரோகிட் மாதிரி ஒரு விநியோக சேவை போதும். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் குழுவுக்குப் பாட்டை வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே அனுப்ப வேண்டும், நீங்கள் ஒரு மாதம் முன்பே ஏற்றிவிடுங்கள். 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே காசே கிடையாது. பதிவுச் செலவை ஸ்ட்ரீமிங்கில் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், கச்சேரியும் டி-ஷர்ட் விற்பனையும்தான் கை கொடுக்கும்.

எந்த மொழியில் எழுதுவது? ஸ்க்ராட், எஃப்16ஸ் மாதிரி சென்னை பேண்டுகள் எல்லாம் ஆங்கிலத்தில் பாடி நாடு முழுக்க ரசிகர்களைச் சேர்த்தவர்கள்தான். ஆனால் 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற பேண்ட் கானாவையும் ராக்கையும் கலந்து தமிழில் பாடியபோது திரண்ட கூட்டத்தை நினைத்துப் பாருங்கள், அது பப் கதவைத் தாண்டி உள்ளே வராத சென்னை. வீட்டில் தமிழில் சண்டை போடுகிறவர் தமிழிலும் நாலு பாட்டு எழுதிப் பார்க்கலாம்.

பண விஷயத்தில், பாதிப் பணம் முன்பணமாக வராமல் தேதியை உறுதி செய்யாதீர்கள். வந்த தொகையில் வண்டி வாடகை, ஜாம் ரூம் பாக்கி போக, ஒரு பங்கை அடுத்த பதிவுக்கென ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். யாராவது வேலை கிடைத்து பெங்களூரு போவார், கல்யாணம் ஆகி விலகுவார், அது நடக்கத்தான் செய்யும். போகிறவருக்கு அவர் எழுதிய பழைய பாட்டுகளின் பங்கு தொடர்ந்து போகட்டும், பேண்டின் பெயர் இருப்பவர்களிடம் இருக்கட்டும், புதிதாக வருகிறவருக்குப் பழைய பாட்டில் பங்கு இல்லாவிட்டாலும் கச்சேரிப் பணத்தில் முதல் நாளிலிருந்தே முழுப் பங்கு கொடுங்கள்.