விமானப் பயண நேரத்தை வீட்டு வாசலிலிருந்து எண்ணுங்கள்

மதுரையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் சுமார் ஒன்றேகால் மணி நேரம். இதை மட்டும் பார்த்துவிட்டு, "காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாடு சென்னையில்" என்று ராமேஸ்வரத்தில் இருப்பவர் திட்டம் போட்டால் கணக்கு உதைக்கும். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம்.

ராமேஸ்வரத்திலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் 170 கி.மீ. விரகனூரில் சுற்றுச்சாலையைப் பிடித்தால் மதுரை ஊருக்குள் போக வேண்டியதில்லை என்றாலும், நாலு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் பாம்பன் பாலம் தாண்டவே நேரமாகும். விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம், பறப்பது ஒன்றேகால், இறங்கிப் பெட்டி எடுத்து ஊருக்குள் போக ஒரு மணி நேரம். மொத்தம் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. ராத்திரி ரயிலில் ஏறித் தூங்கினால் காலையில் சென்னை. அவசரம் இல்லாதவர்களுக்கு ரயில்தான் நல்லது என்பேன்.

வரைபடத்தில் கோடு போட்டுத் தூரம் பார்ப்பது இன்னொரு தவறு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் கடல் சுமார் 30 கி.மீ.தான். ஆனால் விமானத்தில் தலைமன்னார் போக நினைத்து, மதுரைக்குப் போய், கொழும்பில் இறங்கினால், மறுபடி வடக்கே சுமார் 300 கி.மீ. தரைவழியில் வர வேண்டும். சாயல்குடிப் பக்கம் இருப்பவர்கள் தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தையும் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பணம் போகும் தவறு நள்ளிரவுத் தேதி. கீழக்கரை, பெரியபட்டினம் சபுராளிகள் (வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள்) வீட்டில் இதை அவசியம் பேசி வையுங்கள். திருச்சியிலிருந்து விமானம் 15-ம் தேதி 00.40 என்று டிக்கெட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 14-ம் தேதி ராத்திரி விடிவதற்குள் வரும் நேரம். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால், அதாவது 14-ம் தேதி இரவு 9.40-க்கே அங்கே நிற்க வேண்டும். கீழக்கரையிலிருந்து திருச்சிக்கு நாலரை மணி நேரம், வழியில் சாப்பிட, டயர் பஞ்சரானால் சமாளிக்க ஒரு மணி நேரம். ஆக 14-ம் தேதி அஸர் (பிற்பகல் தொழுகை) தொழுததும் கிளம்பிவிட வேண்டும். 15-ம் தேதி சாயங்காலம் பெட்டி கட்டினால் விமானம் போய்ப் பல மணி நேரம் ஆகியிருக்கும். வண்டிக்காரரிடமும் "15-ம் தேதி ப்ளைட்" என்று சொல்லாமல், "14-ம் தேதி நாலு மணிக்கு வாசலுக்கு வண்டி வரணும்" என்றே சொல்லுங்கள்.

அப்புறம், டிக்கெட்டில் புறப்படும் நேரம் கிளம்பும் ஊர் நேரம்; இறங்கும் நேரம் இறங்கும் ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால், துபாய் ஒன்றரை மணி பின்னால், சவூதி இரண்டரை மணி பின்னால். 1 மணிக்குப் புறப்பட்டு சிங்கப்பூரில் 8 மணிக்கு இறங்கினால் பறப்பது ஏழு மணி நேரமில்லை, நாலரைதான். இலங்கைக்கு இந்தக் கணக்கே வேண்டாம், நேரம் ஒன்றுதான். துபாயிலிருந்து வருகிறவரை அழைக்கப் போகிறீர்கள் என்றால், அவர் போனில் சொன்ன நேரத்தை நம்பாமல் டிக்கெட்டின் படத்தை அனுப்பச் சொல்லி, அதில் திருச்சிக்கு நேரே இருக்கும் நேரத்தைப் பாருங்கள். அதில் எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம்.