லங்காவியில நாமளே ஸ்கிப்பர்: மொத பேர்போட் சார்ட்டரை பிளான் பண்ணுறது எப்படி?

பேர்போட் சார்ட்டர்னா கேப்டன், வேலைக்கு ஆளுன்னு யாரும் இல்லாம வெறும் படகை மட்டும் வாடகைக்கு எடுத்து, நாமளே ஸ்கிப்பரா, அதாவது கேப்டனா, பாய்மரத்துல பாயை ஏத்தி ஓட்டி, ராத்திரி அந்தப் படகுலயே தூங்குறது. போன சீசன்ல பாளையங்கோட்டையில இருந்து நாங்களும் தூத்துக்குடி ஃப்ரெண்ட் குடும்பமுமா மலேசியாவுல லங்காவி போய்ட்டு வந்தோம், அதுல இருந்து பாக்கவங்க எல்லாம் எப்படின்னு கேக்காங்க, அதான் மொத்தமா எழுதுதேன். டிங்கிங்கிற சின்னப் பாய்மரப் படகுலயாவது பாய் பிடிச்சுப் பழகுன ஆளுங்களுக்குத்தான் இது. அந்தப் பழக்கமே இல்லன்னா மொதல்ல சென்னைக்குப் போய்க் கத்துக்கிடுங்க, ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911ல இருந்து அங்க இருக்கு.

ஒண்ணே ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா அமையும். படகு ஓட்டுறதை விட அதை ராத்திரி நிப்பாட்டுறதுதான் பெரிய வேலை. பிளானை நங்கூரத்துல இருந்து ஆரம்பிங்க.

ஸ்டெப் 1: எப்ப, எங்க

குத்தாலத்துல சாரல் அடிக்குதுன்னா தாய்லாந்தோட புக்கெட், லங்காவி பக்கம் போகாதீங்க. நமக்கு சாரல் கொண்டு வர்ற அதே தென்மேற்குப் பருவக்காத்துதான் அந்தமான் கடல் முழுக்க அலையைக் கெளப்பி அங்கயும் மழையக் கொட்டுது. நமக்கு ஐப்பசி கார்த்திகை மழை ஓஞ்ச பெறகு, டிசம்பர் கடைசியில இருந்து மார்ச் வரைக்கும் போங்க. அப்ப அங்க வடகிழக்குக் காத்து, அது மலாய் தீபகற்பத்தோட கிழக்குக் கரையில மழையை எறக்கிட்டு மலையத் தாண்டி லங்காவி இருக்க மேற்குப் பக்கம் காஞ்சு வரும், பொதிகை மலை கேரளாவுக்கு மழையக் குடுத்துட்டு நமக்குக் காத்தை மட்டும் அனுப்புற மாதிரியேதான். கரை பக்கத்துலயே இருக்கதால அலையும் பெருசா எழும்பாது.

செஷல்ஸ் நல்லாருக்கும், ஆனா மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காத்து பலமா இருக்கும், ரெண்டாவது தடவைக்கு வச்சுக்கிடுங்க. கரீபியன் பக்கம் ஜூன்ல இருந்து நவம்பர் வரை புயல் சீசன், நமக்கு ரொம்ப தூரமும் கூட. மொத தடவைக்கு என் ஓட்டு லங்காவிக்குத்தான். தீவுங்க பக்கம் பக்கமா இருக்கு, ஒரு எடத்துல இருந்து அடுத்த எடம் ரெண்டு மூணு மணி நேரம், பலசரக்குக் கடையில தமிழும் பேசலாம்.

ஸ்டெப் 2: பேப்பர்

கம்பெனிக்காரங்க ரெண்டு விஷயம் கேப்பாங்க. ஒண்ணு படகு ஓட்டப் படிச்ச சர்டிபிகேட், பிரிட்டன்காரங்களோட ஆர்ஒய்ஏ டே ஸ்கிப்பர் இல்லன்னா அமெரிக்காக்காரங்களோட ஏஎஸ்ஏ 104. டே ஸ்கிப்பர் பிராக்டிகல் 5 நாள் கோர்ஸ், படகுலயே தங்கிப் படிக்கலாம். இன்னொண்ணு செய்லிங் ரெஸ்யூமே. இதுலதான் நம்ம ஆளுங்க தடுமாறுதாங்க. "எட்டு வருஷமா செய்லிங் பண்ணுதேன்"னு எழுதி ஒரு பிரயோஜனமும் இல்ல. எத்தனை அடிப் படகு, எந்தக் கடல், அதுல நீங்க ஸ்கிப்பரா, கூடப் போன ஆளா, எத்தனை ராத்திரி நங்கூரத்துல கெடந்தீங்க, இதைத்தான் அவங்க தேடுவாங்க. கோர்ஸ்ல இருக்கும்போதே தேதி போட்டு லாக்புக் எழுதி இன்ஸ்ட்ரக்டர்ட்ட கையெழுத்து வாங்கிக்கிடுங்க. அனுபவம் பத்தாதுன்னு அவங்க நெனச்சா மொத ரெண்டு நாளைக்கு ஒரு ஸ்கிப்பரைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுவாங்க. சரின்னுருங்க, அந்த ஊர்க் கடலைத் தெரிஞ்ச ஆளுகிட்ட கத்துக்கிடுறது நல்லதுதான்.

ஸ்டெப் 3: படகு

ரெட்டை உடல் இருக்க கேட்டமரானா, ஒத்த உடல் படகான்னா, குடும்பத்தோட போறவங்க கேட்டமரான் எடுங்க. சாயாது, கொழந்தைங்களுக்கு எடம் இருக்கு, தண்ணிக்குள்ள ஒண்ணேகால் மீட்டர் போலத்தான் எறங்கி இருக்கும், ஒத்த உடல் படகுன்னா ரெண்டு மீட்டர் வரை போயிரும். படகைக் கையில வாங்கும்போது ஓடி ஓடி போட்டோ எடுக்கதோட நிக்காதீங்க, நங்கூரத்தை எறக்கி ஏத்துற மோட்டாரை ஓட்டிப் பாருங்க, சங்கிலி மொத்தம் எத்தனை மீட்டர், எத்தனை மீட்டருக்கு ஒரு பெயின்ட் அடையாளம்னு கேட்டு எழுதிக்கிடுங்க. ஆழம் காட்டுற மீட்டர் தண்ணி மட்டத்துல இருந்து காட்டுதா, படகோட அடியில இருந்து காட்டுதான்னும் கண்டிப்பா கேளுங்க.

ஸ்டெப் 4: நங்கூரம்

சாயங்காலம் நாலு மணிக்குள்ள எடத்துக்குப் போய்ச் சேந்துரணும். ராத்திரி ஓட்ட பெரும்பாலான கம்பெனிங்க விடாது, விட்டாலும் போகாதீங்க, மீன் வலைங்க வெளக்கு இல்லாமக் கெடக்கும். வடகிழக்குக் காத்து காலத்துல தீவோட தென்மேற்குப் பக்கம் மறைவா இருக்கும், அங்க தேடுங்க. பவளப்பாறை மேல போடவே கூடாது, மணலோ சேறோ பாருங்க.

எவ்வளவு சங்கிலி விடணும்ங்கிறதுதான் கணக்கு. ஆழத்தைப் போல 5 மடங்கு விடணும்பாங்க. ஆழம் காட்டுற மீட்டர் 5 மீட்டர்னு காட்டுதுன்னு 5ஐ 5ஆல பெருக்கி 25 மீட்டர் விட்டுட்டுத் தூங்கிறக் கூடாது. அந்தப் பக்கம் அமாவாசை, பௌர்ணமி சமயத்துல கடல் 3 மீட்டர் கிட்ட ஏறி எறங்கும். நீங்க எறக்கத்துல வந்து போட்டிருந்தா, ராத்திரி ஏத்தத்துல 2.5 மீட்டர் கூடும்னு வைங்க. படகோட அணியம், அதாவது முன்முனை, தண்ணிக்கு மேல 1.5 மீட்டர். ஆக 5, 2.5, 1.5, மொத்தம் 9 மீட்டர். மீட்டர் அடியில இருந்து காட்டுதுன்னா படகு முங்கியிருக்க அளவையும் சேத்துக்கிடுங்க. 9ஐ 5ஆல பெருக்குங்க, 45 மீட்டர் சங்கிலி. காத்து கூடும்னா 7ஆல பெருக்குங்க. ஏத்தத்துல வந்து போட்டா கவலை வேற, எறக்கத்துல கீழ தரை தட்டாம இருக்கான்னு பாக்கணும். பக்கத்துப் படகு சுத்துற வட்டத்துக்குள்ள வராமலும் இருக்கணும்.

போட்ட பெறகு இஞ்சினை ரிவர்ஸ்ல மெதுவா வச்சு, சங்கிலி நீண்டு டைட் ஆனதும் 1500, 2000 ஆர்பிஎம் வரை கூட்டி அரை நிமிஷம் பிடிங்க. கரையில ஒரு மரத்தையும் பின்னால ஒரு பாறையையும் ஒரே நேர்ல வச்சுப் பாருங்க, ரெண்டும் வெலகாம நின்னா நங்கூரம் பிடிச்சிருக்கு. குதிச்சுக் கண்ணால பாக்கலாம்னு எல்லா ஊர்லயும் சொல்லிக் குடுப்பாங்க, ஆனா லங்காவியில தண்ணி பச்சையா கலங்கி இருக்கும், பல எடத்துல அடி தெரியாது. அதனால அணியத்துல நின்னு வெறுங்காலை சங்கிலி மேல வைங்க. நங்கூரம் இழுபடுதுன்னா கரகரன்னு கால்ல அதிரும், விட்டு விட்டுக் குதிக்கும். பிடிச்சிருச்சுன்னா வெறைப்பா, அசையாம நிக்கும். அதிர்ந்தா சோம்பல் படாம தூக்கிட்டு மறுபடி போடுங்க. அணியத்துல நிக்கவங்களும் சுக்கான் பிடிக்கவங்களும் கை சாடையை முன்னாடியே பேசி வச்சுக்கிடுங்க, இஞ்சின் சத்தத்துல கத்துறது கேக்காது, கத்துனா சண்டைதான் வரும்.

கிலிம் பக்கம் ஹோல் இன் தி வால், சுண்ணாம்புப் பாறைக்கு நடுவுல நல்ல மறைவான எடம், மொத ராத்திரிக்கு அங்க போங்க. டாயாங் புந்திங் தீவுல கடலை ஒட்டியே நல்ல தண்ணி ஏரி இருக்கு, பெரிய படகோட வர்ற சின்னப் படகுல போய் எறங்கி நடந்து போகலாம்.

ஆப்புக்கு எனக்குப் பிடிச்சது மேப்புக்கு நாவியானிக்ஸ், காத்துக்கு விண்டி. ரெண்டு போன்ல ஏத்தி வச்சுக்கிடுங்க, வெயில்ல ஒண்ணு சூடாகி அணைஞ்சிரும். படகு எடம் நகந்தா சத்தம் போடுற நங்கூர அலாரமும் வைங்க, ஆனா அதை மட்டும் நம்பாதீங்க.

ஸ்டெப் 5: சாப்பாடு, தண்ணி

பாத்திரத்தை மொதல்ல கடல் தண்ணியில கழுவி, கடைசியா மட்டும் டாங்க் தண்ணியில அலசுங்க. சின்ன குக்கர், இட்லிப் பொடி ஊர்ல இருந்தே கொண்டு போங்க, மத்தது லங்காவியோட பெரிய ஊரான குவா டவுன்ல கெடைக்கும். வாந்தி மாத்திரையை டாக்டர்ட்ட கேட்டு வாங்கி, படகு கெளம்புறதுக்கு முன்னாடியே போட்டுறணும், தலை சுத்த ஆரம்பிச்ச பெறகு போட்டா நிக்காது.

பெறகு சேத்தது: டெபாசிட்டைப் பத்தி நெறைய பேரு கேட்டாங்க. ஆயிரக்கணக்குல டாலர் வரும், அதை கிரெடிட் கார்டுல பிடிச்சு வைப்பாங்க, டெபிட் கார்டை நெறைய எடத்துல ஒத்துக்கிட மாட்டாங்க. கெளம்புறதுக்கு முன்னாடியே பேங்க்ல சொல்லி வெளிநாட்டு லிமிட்டைக் கூட்டி வச்சுக்கிடுங்க, அந்த எடத்துல நின்னு ஓடிபிக்காக ரோமிங் தேடிட்டு இருக்க முடியாது.

இன்னொண்ணு, பக்கத்துல தாய்லாந்தோட கோ லிப்பே தீவு தெரியுதே, போய்ட்டு வந்துறலாமான்னு ஒரு அண்ணாச்சி கேட்டிருந்தாரு. அது வேற நாடு. படகுக்கும் ஆளுக்கும் ரெண்டு பக்கமும் கிளியரன்ஸ் வேணும், சார்ட்டர் கம்பெனியோட அனுமதியும் இன்சூரன்சும் வேணும். மொத தடவைக்கு லங்காவித் தீவுக் கூட்டத்துக்குள்ளயே சுத்துங்க, ஒரு வாரத்துக்கு அது தாராளம்.