பிளஸ் டூ ஃபேர்வெல் நடத்துறது எப்படி, ஒருத்தர் கூட விட்டுப்போகாம

பிளஸ் டூ முடிக்கப் போற தம்பி தங்கச்சிங்களுக்காக இத எழுதுறேன், அதுவும் முக்கியமா அரசுப் பள்ளியிலயும் அரசு உதவிபெறும் பள்ளியிலயும் படிக்கிறவங்களுக்கு. பெரிய பிரைவேட் ஸ்கூல்ல ஆடிட்டோரியம், டெக்கரேஷன், டிஜேன்னு ஆள வச்சு முடிச்சிடுவாங்க, நமக்கு பிள்ளைங்களும் கிளாஸ் டீச்சரும்தான் எல்லாமே. எங்க ஊரு ஸ்கூல்ல பழைய மாணவங்க சார்பா வருஷா வருஷம் இதுல கூடமாட நிக்கிறதால எது நல்லா வருது, எது யார் மனச உடைக்குதுன்னு பாத்துட்டே இருக்கேன். ஃபேர்வெல்னா ஸ்டேஜும் கேக்கும் இல்லங்க, அந்த கிளாஸ்ல பேர் பதிஞ்ச அத்தனை பேரும் அன்னைக்கு அங்க தலைநிமிந்து நிக்கணும், அவ்ளோதான். மீதி எல்லாம் அதுக்கு ஏத்த மாதிரி பிளான் பண்ணிக்கலாம்.

மொதல்ல தேதி. அரையாண்டு டிசம்பர் கடைசியில முடியும், அப்புறம் பொங்கல் லீவு, திரும்பி வந்தா ரிவிஷன் டெஸ்ட், பிப்ரவரியில பிராக்டிக்கல், மார்ச்ல பப்ளிக். பிராக்டிக்கலுக்கு நடுவுல வச்சீங்கன்னா சயின்ஸ் குரூப் பிள்ளைங்க ரெக்கார்ட் நோட்டும் கையுமா வைவா பயத்துல உக்காந்திருப்பாங்க, அதனால பிராக்டிக்கல் எல்லா குரூப்புக்கும் முடிஞ்ச மறுநாளோ, இல்ல ஜனவரி கடைசியில குடியரசு தினத்த ஒட்டியோ வைங்க. கடைசி பரீட்சை அன்னைக்கு பாத்துக்கலாம்னு மட்டும் விட்றாதீங்க. குரூப்புக்கு குரூப் கடைசி பரீட்சை வேற வேற நாள்ல முடியும், சில பேருக்கு சென்டரே வேற ஸ்கூல்ல விழும், அன்னைக்கு எல்லாரும் ஒண்ணா நிக்கவே மாட்டீங்க. தொழிற்கல்வி குரூப்ப கேக்காமலேயே தேதி வைக்கிறது நெறைய ஸ்கூல்ல நடக்குது, அவங்களும் பிளஸ் டூ தான், கமிட்டியில செக்‌ஷனுக்கு ரெண்டு பேர், ஒரு பையன் ஒரு பொண்ணு, எல்லா குரூப்லருந்தும் இருக்கட்டும். நேரம் காலையில 10 மணிக்கு ஆரம்பிச்சு மதியம் சாப்பாட்டோட முடிஞ்சு 3 மணிக்குள்ள எல்லாரும் கிளம்புற மாதிரி வைங்க, ஏன்னா சுத்துப்பட்டு கிராமத்துலருந்து வர்ற பொண்ணுங்களுக்கு அந்த ஒரு டவுன் பஸ்ஸ விட்டா அடுத்தது எப்பன்னு தெரியாது, சாயங்காலம் ஃபங்ஷன்னாலே அவங்க வீட்ல அனுப்பமாட்டாங்க. ஹாஸ்டல் பிள்ளைங்களுக்கு வார்டன்கிட்ட கிளாஸ் டீச்சர் மூலமா முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.

அடுத்து காசு, இதுலதான் பல ஃபேர்வெல் கெட்டுப்போகுது. தலைக்கு இவ்ளோன்னு சொல்லி கிளாஸ் லீடர் நோட்டுல பேர் எழுதி டிக் போட்டு வசூல் பண்றத தயவுசெஞ்சு செய்யாதீங்க, குடுக்க முடியாத பிள்ளை அன்னைக்கு வயித்துவலின்னு லீவு போட்டுடும், நாம காரணமே தெரியாம அவ வரலைன்னு பேசிட்டு இருப்போம். ஒரு டப்பாவ மூடியில ஓட்ட போட்டு ஸ்டாஃப் ரூம் வாசல்ல ஒரு வாரம் வைங்க, முடிஞ்சவங்க முடிஞ்சத போடட்டும், யார் எவ்ளோன்னு யாருக்கும் தெரிய வேணாம். வந்த காசுக்குள்ளதான் ஃபங்ஷன். பத்தலன்னா பழைய மாணவங்ககிட்டயோ பிடிஏ-லயோ (பெற்றோர் ஆசிரியர் கழகம்) ஹெச்எம் மூலமா கேளுங்க, சாப்பாட்டுக்குன்னு சொன்னா ஊர்ல யாராவது ஒருத்தர் அரிசி மூட்டை குடுத்துடுவாங்க. கணக்க முடிஞ்சதும் நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுங்க.

டிரெஸ் விஷயத்துல என் முடிவு யூனிஃபார்ம்தான். பொண்ணுங்க எல்லாரும் ஒரே கலர் பட்டு, பசங்க வேட்டி சட்டைன்னு ஆசையா இருக்கும், போட்டோவுக்கு நல்லாவும் இருக்கும், ஆனா ஒரு சேலை, பிளவுஸ் தைக்கிற கூலி, மேட்சிங் வளையல்னு ஒரு வீட்டோட ஒரு வார சம்பளம் போயிடும். ரெண்டு வருஷமா போட்ட அதே யூனிஃபார்ம கடைசியா ஒரு தடவ துவைச்சு இஸ்திரி போட்டு, பொண்ணுங்க தலையில ஒரு முழம் பூ வச்சு வந்தா அதவிட அழகு என்ன இருக்கு சொல்லுங்க.

யார கூப்பிடணும்னு ஒரு லிஸ்ட் போடுங்க, சப்ஜெக்ட் டீச்சர்ஸோட நிறுத்தாதீங்க. ஆறாவதுல சேரும்போது எழுத்துக்கூட்டி படிக்க வச்ச டீச்சர், கவுன்சிலிங்ல வேற ஊருக்கு டிரான்ஸ்ஃபர் ஆகிப்போன கணக்கு சார், ரிட்டயர் ஆனவங்க, பிடிஏ சம்பளத்துல வேலை பாத்த டீச்சர்ஸ், பீட்டி சார், லேப் அசிஸ்டன்ட், சத்துணவு அக்கா, ஸ்கூல் கூட்டுற அம்மா, வாட்ச்மேன் அண்ணா. இவங்களுக்கு போன்ல சொல்லாம ரெண்டு ரெண்டு பேரா நேர்ல போய் சொல்லுங்க, வெளியூர் போனவங்களுக்கு கைப்பட ஒரு லெட்டர் எழுதி போஸ்ட் பண்ணுங்க. அவங்களையும் டீச்சர்ஸோட அதே வரிசையில நாற்காலி போட்டு உக்கார வைங்க, அதே சால்வை இல்ல அதே புத்தகம் குடுங்க.

இன்னொரு லிஸ்ட்டும் இருக்கு. பத்தாவதோட நின்னு வேலைக்கு போன பையன், பதினொண்ணு நடுவுல கல்யாணம் பேசி நிறுத்திட்ட பொண்ணு, அப்பா இறந்ததால ஒர்க்‌ஷாப்ல சேந்தவன், இவங்களும் உங்க பெஞ்ச்ல உக்காந்தவங்கதானே. ஹெச்எம்கிட்ட அனுமதி வாங்கி அவங்களையும் கூப்பிடுங்க. வந்தா ஏன் படிப்ப நிறுத்துனன்னு மட்டும் மத்தவங்க முன்னாடி கேக்காதீங்க. அப்படி வந்த பிள்ளைங்ககிட்ட டீச்சர் தனியா பேசி பிரைவேட்டா பரீட்சை எழுத வைக்கவும் வாய்ப்பு இருக்கு.

இப்ப நிகழ்ச்சி. எல்லாரும் செய்றது டான்ஸ், ரெண்டு பாட்டு, டீச்சர் பேச்சு, அப்புறம் டைட்டில் குடுக்குறது. இந்த டைட்டில் பத்தி கொஞ்சம் சொல்லணும், கருப்பா இருக்கறவன், குண்டா இருக்கறவ, யாரோட யார சேத்து பேசுறாங்கன்னு வச்சு பட்டம் குடுத்து மேடையில கூப்பிடறாங்க, அந்த நேரத்துல எல்லாரும் சிரிப்பாங்க, அந்த பிள்ளை 20 வருஷம் கழிச்சு ஸ்கூல நெனச்சா அந்த ஒரு நிமிஷம்தான் ஞாபகம் வரும், அது வேணாம். அதுக்கு பதிலா சீட்டு எழுதுங்க, நான் பாத்ததுலயே இதுதான் ரொம்ப நல்லா வந்தது. ஃபேர்வெலுக்கு ஒரு மாசம் முன்னாடியே கிளாஸ்ல இருக்கற எல்லார் பேரையும் சீட்டுல எழுதி குலுக்கி ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும், யாருக்கு யார் பேர் வந்துச்சுன்னு வெளிய சொல்லக் கூடாது. அந்த பேர்ல இருக்கறவங்க செஞ்ச ஒரு காரியத்த, நீங்க கண்ணால பாத்தத, ரெண்டு மூணு வரியில எழுதணும். நல்லவ, அன்பானவன், ஃபிரெண்ட்லின்னு எழுதினா செல்லாது. மழை பெஞ்சப்ப எல்லாரோட நோட்டையும் தூக்கி பெஞ்ச் மேல வச்சவன், விலங்கியல் படம் வரையத் தெரியாதவங்களுக்கெல்லாம் லஞ்ச் டைம்ல உக்காந்து சொல்லிக் குடுத்தவ, ஸ்போர்ட்ஸ்ல தோத்த அன்னைக்கு பஸ்ல வர்றவரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தவன், இப்படி இருக்கணும்.

யார்கிட்டயும் பேசாத பிள்ளை பேர் வந்துட்டா என்ன எழுதறதுன்னு தெரியாம முழிப்பீங்க, அதுக்குத்தான் ஒரு மாசம் டைம், அவங்கள அந்த மாசம் கவனிச்சுப் பாருங்க, எழுத கண்டிப்பா கிடைக்கும். எழுதினத எல்லாம் கிளாஸ் டீச்சர் ஒரு தடவ படிச்சுப் பாத்துடணும், கிண்டல் எதுவும் ஒளிஞ்சிருந்தா திருப்பி எழுத வைக்கணும். ஃபங்ஷன் அன்னைக்கு டீச்சரே ஒவ்வொருத்தர் பேரா கூப்ட்டு அத வாசிச்சு சீட்ட கையில குடுக்கட்டும். 45 பேர் கிளாஸ்னா ஆளுக்கு 20 செகண்ட் வச்சாலும் 15 நிமிஷம்தான், ரெண்டு டான்ஸுக்கு ஆகற நேரம். பத்து வருஷம் கழிச்சும் அந்த சீட்ட பர்ஸுக்குள்ள வச்சிருக்கறவங்கள எனக்குத் தெரியும்.

தமிழ்த்தாய் வாழ்த்த ரெக்கார்ட் போடாம எல்லாரும் சேந்து பாடுங்க, 2021 டிசம்பர்ல மாநிலப் பாடலா அறிவிச்சப்பவே 55 செகண்ட்ல பாடணும்னு சொல்லியிருக்காங்க, காலையில அசெம்பிளியில பாடிப் பாடி உங்களுக்கு அது தூக்கத்துலயும் வரும். பேசுறவங்களுக்கு ஆளுக்கு மூணு நிமிஷம், மாணவர்கள் சார்பா பேசுறவர் டாப்பரா இருக்கணும்னு அவசியமில்ல, மைக் செட் அண்ணன்கிட்ட முந்தின நாளே ஒரு தடவ டெஸ்ட் பண்ணிக்கோங்க.

குரூப் போட்டோவுக்கு மொபைல நம்பாதீங்க, ஊர்ல இருக்கற ஸ்டுடியோக்காரர கூப்பிடுங்க. ஃபங்ஷன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, காலையில 9 மணி வாக்குல கட்டட நிழல்லயோ மரநிழல்லயோ வெளிச்சம் ஒரே சீரா இருக்கற இடமா எடுங்க, பாதி பேர் வெயில்ல பாதி பேர் நிழல்ல நின்னா முகமே தெரியாது. முன்னாடி நாற்காலியில டீச்சர்ஸும் வேலை பாக்குறவங்களும், பின்னாடி நிக்கிற வரிசை, அதுக்குப் பின்னாடி பெஞ்ச் மேல ஒரு வரிசை, பெஞ்ச் ஆடுதான்னு பாத்துட்டு ஏறுங்க. எடுத்த உடனே கலைஞ்சு ஓடாம ஒருத்தர் நோட்டு எடுத்துட்டு இடமிருந்து வலமா வரிசை வரிசையா பேர இனிஷியலோட எழுதிக்கணும், அத போட்டோவுக்குக் கீழ பிரிண்ட் போட சொல்லுங்க. வீட்ல தாத்தாவோட எஸ்எஸ்எல்சி குரூப் போட்டோ இருந்தா எடுத்துப் பாருங்க, 1978ல பிளஸ் டூ வர்றதுக்கு முன்னாடி 11-வதோட ஸ்கூல் முடிஞ்சிடும், அந்த காலத்து போட்டோவுல கீழ பேர் இருக்கறதாலதான் இன்னைக்கும் யார் யார்னு சொல்ல முடியுது. காப்பிக்கு காசு குடுக்க முடியாதவங்களுக்கும் ஒண்ணு போகணும், அத டப்பா காசுல சேத்துடுங்க.

ஆட்டோகிராஃப் நோட்டுல ஜெல் பேனா வேணாம், தண்ணி பட்டா கரைஞ்சிடும், பால் பாயின்ட் பேனாவே போதும். போன் நம்பர் மட்டும் எழுதாம வீட்டு அட்ரஸும் எழுதச் சொல்லுங்க, நமக்கு இருக்கறது பாதி பேருக்கு அப்பா நம்பர், அது ரீசார்ஜ் பண்ணாம ஆறு மாசத்துல மாறிடும். சட்டையில கையெழுத்து வாங்கணும்னு ஆசை இருந்தா பரீட்சைக்குப் போட்டுட்டுப் போற யூனிஃபார்ம தொடாதீங்க, ஜவுளிக்கடையில காடா துணி மலிவா கிடைக்கும், மீட்டர் கணக்குல வாங்கி கர்ச்சீஃப் சைஸ்ல வெட்டி ஆளுக்கு ஒண்ணு குடுத்துடுங்க, துணிக்குக் கீழ அட்டை வச்சு பெர்மனன்ட் மார்க்கர்ல எழுதணும். பரீட்சை முடிஞ்சு இங்க் அடிக்கிறதும் டெஸ்க்கையும் ஃபேனையும் உடைக்கிறதும் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்றேன், அடுத்த வருஷம் அந்த டெஸ்க்ல உங்க தம்பிதான் உக்காரப் போறான்.

சாப்பாடு சைவமாவே இருக்கட்டும். தைப்பூசத்துக்கு மாலை போட்டவங்க இருப்பாங்க, தவக்காலம் இருக்கறவங்க இருப்பாங்க. லெமன் சாதமோ தக்காளி சாதமோ 100 பேருக்கு 10லருந்து 12 கிலோ அரிசி போதும், கூட உருளைக்கிழங்கு, அப்பளம், ஒரு ஸ்வீட். இப்ப சில வருஷமா ரம்ஜான் நோன்பும் பிப்ரவரி மார்ச்ச ஒட்டியே வருது, தேதி அதுல விழுந்தா நோன்பு வச்ச ஃபிரெண்ட்ஸுக்கு சாயங்காலம் நோன்பு திறக்க எடுத்துட்டுப் போற மாதிரி பழமும் பேரீச்சம்பழமும் ஸ்வீட்டும் தனியா பார்சல் கட்டி பேர் எழுதி வைங்க. பந்தியில டீச்சர்ஸையும் சத்துணவு அக்காவையும் உக்கார வச்சு நீங்க பரிமாறுங்க.

ஸ்கூலுக்கு ஏதாவது குடுக்கணும்னா எத்தன வருஷத்துக்குத்தான் செவுத்து கடிகாரமே குடுக்குறது, ஹெச்எம்கிட்ட என்ன வேணும்னு கேளுங்க, பாத்ரூம் தாழ்ப்பாளும் ரெண்டு வாளியும்தான் வேணும்னு சொன்னா சந்தோஷமா அத வாங்கிக் குடுங்க, பொண்ணுங்களுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு அவங்கள கேட்டா சொல்லுவாங்க. மரம் நடுறதா இருந்தா பிப்ரவரியில நடாதீங்க, ஏப்ரல் மே லீவுல தண்ணி ஊத்த ஆளில்லாம காஞ்சிடும். வடகிழக்குப் பருவமழை பெய்ற அக்டோபர் நவம்பர்லயே புங்கனோ வேம்போ நட்டு, நீங்க இருக்கறவரைக்கும் ஊத்துங்க, ஃபேர்வெல் அன்னைக்கு அந்தப் பொறுப்ப பக்கத்துலயே வீடு இருக்கற எட்டாவது ஒன்பதாவது பிள்ளைங்க கையில ஒப்படைங்க.

கடைசியா ரெண்டு வேலை, இது ஃபங்ஷன்ல சேராத மாதிரி தெரியும் ஆனா அன்னைக்குத்தான் எல்லாரும் இருப்பீங்க. ஒண்ணு, மேல படிக்கிறது பத்தி கிளாஸ் டீச்சர பத்து நிமிஷம் பேசச் சொல்லுங்க. 6லருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியிலயோ, அரசு உதவிபெறும் பள்ளியில தமிழ் வழியிலயோ படிச்ச பொண்ணுங்க காலேஜ், பாலிடெக்னிக், ஐடிஐ சேந்தா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் வருது, 2022லருந்து இருக்கு, பசங்களுக்கு 2024லருந்து தமிழ்ப் புதல்வன். வீட்ல படிப்ப நிறுத்துற பேச்சு வர்றப்ப இத சொல்லத் தெரிஞ்சிருக்கணும்.

ரெண்டாவது ரிசல்ட் நாள். மே மாசம் ரிசல்ட் வரும்போது எல்லாரும் அவங்கவங்க மார்க்க பாத்துட்டு இருப்பாங்க, அந்த நேரத்துல யாராவது ஒருத்தன் ஃபெயில் ஆகி போன ஆஃப் பண்ணி வச்சிட்டு தனியா உக்காந்திருப்பான். அதனால ஃபேர்வெல் அன்னைக்கே ஆளுக்கு ஒருத்தர்னு ஜோடி போட்டுக்கோங்க, ரிசல்ட் வந்த ஒரு மணி நேரத்துக்குள்ள அவங்க ஜோடிக்கு போன் பண்ணணும், எடுக்கலன்னா பக்கத்துல இருக்கறவங்க வீட்டுக்கே போகணும், மார்க் என்னன்னு கேக்காம சாப்ட்டியான்னு ஆரம்பிங்க. மனசு ரொம்ப உடைஞ்சிருந்தா 14417க்கோ 104க்கோ போன் பண்ணி கவுன்சிலர்கிட்ட பேச வைங்க, நீங்களும் கூடவே இருங்க. ஒரு சப்ஜெக்ட் போனா வருஷம் போகாது, ஜூன் ஜூலையிலயே துணைத்தேர்வு வரும், எழுதி பாஸ் பண்ணா அதே வருஷம் காலேஜ் சேரலாம், ஆனா அதுக்கு அப்ளை பண்ண சில நாள்தான் டைம் குடுப்பாங்க, தனியா ஸ்கூலுக்கு வர கூச்சப்படுவாங்க, அப்ளை பண்ணப் போற அன்னைக்கு அந்த ஜோடியும் கூடப் போகணும்.